ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் வாங்கின ஆக்கள், உங்கட கதையையும் சொல்லுங்கோ

வெள்ளவத்தையிலிருந்து:

ஓப்பன் பேக் எண்டா காதுக் கிண்ணத்தின்ர வெளிப்பக்கம் மூடாம, சத்தம் உள்ளுக்கும் வெளிக்கும் போய்வாற மாதிரித் திறந்திருக்கிற ஹெட்ஃபோன். என்ர கதையை முதல்ல சொல்லிவிடுறன், பிறகு நீங்கள் தொடருங்கோ.

எங்கட ஃப்ளாட் மூண்டாம் மாடி. ஒரு பக்கம் காலி வீதி பஸ், மற்றப் பக்கம் கரையோர ரயில். பாட்டு மிக்ஸ் பண்ணுற அறை பத்துக்குப் பத்து, தரை முழுக்க டைல்ஸ், நாலு பக்கமும் வெறுஞ்சுவர். அதுக்குள்ள ஸ்பீக்கர் வைச்சா ஒரு மூலையில பேஸ் (அடி ஒலி) குமுறும், கதிரையை ரெண்டடி தள்ளிப்போட்டா பேஸே இராது. மேல்மாடியில கைக்குழந்தை வேற. அதாலதான் ஹெட்ஃபோனுக்கு வந்தன்.

முதல் வாங்கினது பையர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் (ஓம் எண்டது மின்தடையின்ர அளவு). கனடாவுக்குப் போற பெடியன் ஒருத்தன் வித்திட்டுப் போனது. அந்த நேரம் ஆடிவேலுக்கு ஒரு பக்திப் பாட்டு செய்துகொண்டிருந்தன். தவில், நாதஸ்வரம், தாளம், ஒரு ஆண் குரல். ஹெட்ஃபோனைப் போட்டவுடன தாளத்தின்ர கிணுகிணுப்பு காதுக்குள்ள ஊசி மாதிரி. பாடகர் ‘ச’ சொல்லுற ஒவ்வொரு முறையும் பல்லுக் கூசுது. சரியெண்டு ஒலியின்ர உச்சம், அடி எல்லாத்தையும் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில 8000 ஹேர்ட்ஸ் உச்சப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டினன். அடுத்த நாள் இன்னுங் கொஞ்சம். மூண்டாம் நாள் ‘ஆகா, தேன் மாதிரி’ எண்டு நானே என்னைப் புகழ்ந்து கோயிலுக்கு அனுப்பிவிட்டன்.

வான் வண்டியின்ர ஸ்பீக்கரில போட்டுக் கேட்ட கோயில் ஐயா சொன்னார்: ‘தம்பி, பாடினவருக்குத் தடிமனோ?’

உண்மையிலேயே அப்பிடித்தான் இருந்தது. போர்வைக்குள்ள இருந்து பாடின மாதிரி. பிழை ஹெட்ஃபோனில இல்லை. டிடி 990இல உச்சப்பக்கம் தூக்கல் எண்டு தெரிஞ்ச ஆக்கள் எல்லாருஞ் சொல்லுவினம், நான்தான் விசாரிக்கேல்லை. கேக்கிற கருவி பளிச்செண்டு இருந்தா கை தன்னால வெட்டும், வெளியில போற பாட்டு மந்தமாகும். கருவி மந்தமா இருந்தா மற்றப் பக்கம். பதிவில விழுந்த ‘டிக்’, வாய்ச்சத்தம், வெட்டி ஒட்டின இடம் எல்லாம் பிடிக்க டிடி 990 மாதிரி ஒண்டு இல்லை எண்டதையும் சொல்லவேணும்.

பிறகு காசு சேத்து சென்ஹைசர் எச்டி 600 எடுத்தன். 1997இல வந்த மொடல், 300 ஓம். குரல் குரலாக் கேக்குது, அதுக்கு மேல சொல்லத் தெரியேல்லை. முதல் ரெண்டு கிழமை மண்டையை இடுக்கியால பிடிச்ச மாதிரி இருக்கும். இரவில ரெண்டு மூண்டு தடிச்ச அகராதிக்கு மாட்டி வைச்சு இளக்கினன். வயர், காதுப் பஞ்சு எல்லாம் கழட்டி மாத்தலாம்.

குறை எண்டா, 50, 60 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒலி வடிஞ்சுபோகும். அது தெரியாம ஒரு குத்துப் பாட்டுக்கு அடிப்பக்கத்தை ஏத்திவிட்டன். கூட்டாளியின்ர ஓட்டோவில பின் சீட்டுக்கடியில சப்வூஃபர் இருக்கு. அதில போட்டா சீட்டோட சேந்து என்ர குடலும் ஆடுது. இப்ப அடிப்பக்கத்தைக் காதை நம்பிச் செய்யிறேல்லை. எந்த ஒலி எவ்வளவு எண்டு காட்டுற ஸ்பெக்ட்ரம் வரைபைப் பாத்து, பிறகு அதே ஓட்டோவில ஒரு சுத்துப் போய்த்தான் முடிவு. வேற ஆக்கள் என்ன செய்யிறியள்? ஹெட்ஃபோனுக்குச் சத்தம் கூட்டிக் குடுக்கிற அம்ப் கட்டாயமோ?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணே, அம்ப் விஷயத்துல நான் பட்ட பாடு இருக்கு. என்னோடதும் எச்டி 600. 300 ஓம்னு பார்த்ததுமே சத்தம் காணாதுன்னு பயந்து, ஹெட்ஃபோன் விலைக்கே ஒரு வால்வ் அம்ப் வாங்கினேன். 2022 மார்ச்சுக்கு முந்தி டொலர் 200 ரூபா. ரெண்டு மாசத்துல 360 பக்கம். அந்த இடைவெளியிலதான் நம்ம ஓர்டர் மாட்டிக்கிட்டுது. வந்து சேர்ந்த நேரம் கரண்டும் இல்ல, 13 மணித்தியால வெட்டு எல்லாம் அப்பதானே. மெழுகுதிரி வெளிச்சத்துல அம்பைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம்.

கரண்டு வந்து போட்டா பேஸ் பெருசா, வழவழன்னு. சந்தோஷமா மிக்ஸ் பண்ணினேன். வெளியில போனா பேஸே இல்ல! ஏன்னு பிறகுதான் விளங்கிச்சு. எச்டி 600ல ‘300 ஓம்’ங்கிறது எல்லா சுரத்துக்கும் ஒரே கணக்கு இல்ல. 100 ஹேர்ட்ஸ் பக்கத்துல அது 500ஐயும் தாண்டும். அம்புக்குள்ளயே இருக்கிற தடை (வெளியீட்டுத் தடை) கூடுதலா இருந்தா, அந்த இடத்துல மட்டும் ஒலி வீங்கும். ரசிச்சுக் கேட்க நல்லாத்தான் இருக்கு, வேலைக்கு ஆகாது. ஹெட்ஃபோன் தடையில எட்டுல ஒரு பங்குக்குக் கீழ அம்ப் தடை இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதைப் பிடிச்சுக்குங்க.

இப்ப மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற ஓடியோ இன்டர்ஃபேஸ்லயே நேரா குத்துறேன், போதும். பிரயாணத்துக்கு, போன்ல ஹெட்ஃபோன் குத்துறதுக்கு ஆப்பிள் விக்கிற அந்தச் சின்ன வெள்ளை வயர்த் துண்டு. ஒரு வோல்ட் தருது. 300 ஓமுக்கு மூணு மில்லிவாட் சொச்சம்தான், ஆனா சாதாரண சத்தத்துக்கு காணும். ஆண்ட்ரொய்ட் போன்ல குத்தினா சத்தம் கம்மியாத்தான் வரும், துண்டு பழுதுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஓம் குறைஞ்சா சுலபம்னும் எடுத்துக்காதீங்க. ஏகேஜி கே702 வெறும் 62 ஓம், ஆனா சத்தம் வாங்குறதுக்குள்ள போன் முக்கிடும்.

தெமட்டகொடையிலிருந்து:

நான் சொல்லப் போறது ஏமாந்த கதை. புறக்கோட்டையில ஒரு கடையில ‘ஓப்பன் பேக், ஸ்டூடியோ மொடல்’ எண்டு ஒண்டைக் காட்டினாங்க. வெளிப்பக்கம் வடிவான கம்பி வலை. வாப்பா கூட ‘நல்லா ஈக்குதே’ எண்டார். வாங்கிட்டு வந்தேன். ரெண்டு நாளைக்குப் பிறகு வலையைக் கழட்டிப் பார்த்தா, உள்ளுக்க கட்டியான பிளாஸ்டிக் மூடி. வலை சும்மா அலங்காரத்துக்கு.

கடையிலயே செய்யக்கூடிய சோதனை இது: ஹெட்ஃபோனைப் போட்டு பாட்டு ஓடும்போது ரெண்டு உள்ளங்கையாலயும் வெளி வலையைப் பொத்துங்க. உண்மையான ஓப்பன் பேக் எண்டா உடனே சத்தம் மாறும், குடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி. பொத்தியும் ஒண்டும் மாறல்லையா, மரியாதையா வெச்சிட்டு வந்திடுங்க.

பிறகு நல்லது ஒண்டு வாங்கி இன்னொரு பாடம் படிச்சேன். எங்கட கஸீதா (இஸ்லாமியப் புகழ்ப்பாட்டு) குழுவுக்குப் பதிவு செய்யக்குள்ள பாடுற நானாட (அண்ணன்ட) தலையில அதையே மாட்டிவிட்டேன். ராவு கேட்டா, அவர் மூச்சு விடுற ஒவ்வொரு இடைவெளியிலயும் ‘டிக் டிக் டிக்’. தாளத்துக்குப் போட்ட கிளிக் வெளியால கசிஞ்சு மைக்குக்குள்ள போயிருக்கு. தப்ஸ் அடிக்கிற இடத்தில மறைஞ்சிடிச்சி, மெதுவாப் பாடுற இடத்தில ஒண்டும் செய்ய ஏலாது. திரும்பக் கூப்பிட்டுப் பாட வெச்சோம், புரியாணி செலவு என்ட கணக்கு. பாடுறவருக்கு மூடினது, மிக்ஸ் பண்ணுறவருக்குத் திறந்தது. ரெண்டும் வேணும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

மனுசி பக்கத்தில நித்திரை எண்டா இந்த ஜாதி ஹெட்ஃபோன் வேண்டாம். நான் கேட்ட முழுப் பாட்டையும் அவவும் கேட்டா. விடிய அந்த ராகத்திலயே ஏச்சு விழுந்தது.

தெஹிவளையிலிருந்து:

நான் மிக்ஸிங் எல்லாம் செய்பவன் அல்ல, வெறும் ரசிகன். வயது 68. இலங்கை வானொலியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டு வளர்ந்த தலைமுறை. இந்தத் திறந்த வகையை 1968இல் சென்ஹைசர்தான் முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது, எச்டி 414 என்று. மஞ்சள் பஞ்சு வைத்த அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கே702 இருக்கிறது. கச்சேரி கேட்க விசாலமாக இருக்கும். தம்புரா பின்னால், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று இடம் பிரிந்து உட்காருவார்கள். ஆனால் அறுபதுகளின் பழைய பாட்டுகள் எல்லாம் மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான். அவை எந்த ஹெட்ஃபோனிலும் மண்டைக்கு நடுவில்தான் வந்து நிற்கும். அதற்காக விலை கூடியதை வாங்கி ஏமாற வேண்டாம்.

நான் கேட்பது காலை நாலரைக்கு. காரணம் பக்தி இல்லை, மின்விசிறி. கொழும்பு வெக்கையில் விசிறியை நிறுத்த முடிவது அந்த ஒரு மணி நேரம்தான். விசிறி ஓடினால் அந்த இரைச்சல் முழுவதும் ஹெட்ஃபோனுக்குள் வந்துவிடும், நாமும் அறியாமல் சத்தத்தைக் கூட்டுவோம். 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்பது வேலைத்தளத்துக்குச் சொல்லும் எல்லை. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். கேட்டு முடிந்ததும் காதுப் பஞ்சை வியர்வையோடு பெட்டிக்குள் அடைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். நான் அரை மணி நேரம் ஆற விட்டு, சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு வைப்பேன்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒன்று. உங்கள் டிடி 990ஐப் போன்ற ஒன்றை மருமகன் வீட்டில் போட்டுப் பார்த்தேன். அவனுக்குக் காது கூசுகிறதாம். எனக்கோ பல வருடங்களுக்குப் பிறகு ஜாலராவின் நுனி கேட்டது. வயதானால் உச்ச ஒலிகள்தானே முதலில் கழன்று போகின்றன. உங்களுக்குத் தேவையில்லை என்றால் விலை சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா, வித்துப்போடுவம் எண்டு ரெண்டு தரம் நினைச்சு வைச்சிருக்கிறன். காதுப் பஞ்சு மட்டும் தேஞ்சிருக்கு, புதுசு போட்டுத் தாறன். ஞாயிறு விடிய நாலரைக்கே கொண்டு வாறன், நீங்கள் போட்டுக் கேட்டுப் பாத்த பிறகு விலையைக் கதைப்பம். அந்தப் பக்திப் பாட்டையும் கொண்டு வாறன். பாடினவருக்குத் தடிமன் சுகமோ எண்டு நீங்களும் ஒருக்காச் சொல்லவேணும்.