நாலு லெட் ஆசிட் பேட்டரியில் ஒரு ஏக்கர் புல் வெட்ட முடியுமா?

வாட்கணக்கு: பழையஇரும்பு அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இன்ஜின் போன பழைய ரைடிங் மோவரை, அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை, 200 டாலருக்குப் பிடித்து, 12 வோல்ட் 75 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி நாலு மாட்டினால் ஒரு ஏக்கரைத் தாராளமாக வெட்டலாம், புது வண்டி வாங்குகிறவன் ஏமாளி" என்கிறார். தாராளமாகவா? நாலும் சேர்ந்து 3.6 யூனிட். சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கிக்கொண்டே இருந்தால் லெட் ஆசிட் சீக்கிரம் செத்துவிடும், ஆக கையில் இருப்பது 1.8. 42 அங்குல டெக்கும் (பிளேடுகள் சுழலும் அடிப்பெட்டி) சக்கரமும் சேர்ந்து 2 கிலோவாட் என்று வையுங்கள். மணிக்கு 3 மைலில் போனால் திரும்புவது, வளைவது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம். 2.5 யூனிட் வேண்டும். மீதி எங்கிருந்து வரும்?

பழையஇரும்பு: தம்பி, 1969-லேயே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி எலெக்-ட்ராக் என்று முழு மின்சார டிராக்டர் விட்டது. கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற 6 வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 36 வோல்ட், எல்லாம் லெட் ஆசிட். அதில் ஒன்று ஒஹாயோவில் என் கராஜில் நிற்கிறது. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் ஒவ்வொன்றையும் நானே கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். போன சனிக்கிழமைகூட வெட்டினேன். நீங்கள் காகிதத்தில் வெட்டுங்கள்.

வாட்கணக்கு: அந்த ஆறும் சேர்ந்து 170 கிலோ, 8 யூனிட் அண்ணே. ஊருக்கு நீங்கள் சொன்னது 3.6. பாதிதான் கிடைக்கும் என்றேன், அதற்குப் பதில் இல்லை.

டல்லாஸ்அக்கா: நான் இப்படி மாற்றிய வண்டி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். என் இடம் முக்கால் ஏக்கர். ஏப்ரலில் மழை விட்ட மறுநாள் எடுத்தேன், ஈரப் புல் டெக்குக்கு அடியில் களிமண் மாதிரி அப்பிக்கொண்டு பிளேடு முனகியது, பின்வேலி ஓரத்தில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையனுமாக அந்தக் கனத்தைக் கராஜ்வரை தள்ளினோம். மறுநாள் இடுப்பை அசைக்க முடியவில்லை.

பழையஇரும்பு: ஈரப் புல்லை யார் வெட்டச் சொன்னது? பெட்ரோல் வண்டியும்தான் திணறும். அது பேட்டரியின் குற்றம் இல்லை.

டல்லாஸ்அக்கா: பெட்ரோல் வண்டி திணறும் சார், நடுவில் நின்று உயிரை வாங்காது. புல் காயும்வரை காத்திருக்க ஏப்ரலில் இங்கே நாள் கிடைப்பதில்லை.

எடிசன்வாசி: ஆள் வைத்து வெட்டினால் இந்தத் தலைவலியே இல்லையே?

பழையஇரும்பு: கேட்காத இடத்தில் யோசனை சொல்லாதீர்கள். சோலார் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள்.

எடிசன்வாசி: சோலாரில் நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டினேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

கராஜ்தச்சன்: மோட்டாரைப் பற்றியும் பேசுங்கள். டெக்கில் பிளேடுக்கு ஒரு மோட்டார் என்று நேராக மாட்டினால் பெல்ட் செலவு மிச்சம். ஆனால் பிளேடு முனை வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது இங்கே அமெரிக்காவில் பாதுகாப்பு விதி, 21 அங்குல பிளேடுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 3,450 சுற்று. கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கரண்டும் மிச்சம்.

பழையஇரும்பு: பார்த்தீர்களா, சுற்றைக் குறைத்தால் 2 கிலோவாட் எதற்கு? நாலு லெட் ஆசிட் போதும்.

வாட்கணக்கு: அடர்ந்த புல்லில் குறைத்துப் பாருங்கள், வெட்டாமல் மடக்கிவிட்டுப் போகும். அதோடு 75 ஆம்பியர்-அவர் என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. ஒரு மணி நேரத்தில் உறிஞ்சினால் அதுவும் கிடைக்காது. பாதி என்று நான் சொன்னதே தாராளம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் போட்டால் 5 யூனிட், எடை 50 கிலோவுக்குள். ஆயிரக்கணக்கில் சார்ஜ் தாங்கும். மலிவு என்றால் பத்து வருஷக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பழையஇரும்பு: உங்கள் லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. ஒஹாயோ குளிர் தெரியுமா?

வாட்கணக்கு: ஜனவரியில் பனியையா வெட்டப் போகிறீர்கள்? சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட்டைக் குளிர்காலம் முழுக்கக் கராஜில் போட்டுவைத்தால் தட்டில் சல்பேட் படியும், உள்ளே இருப்பதும் உறையும். அதை ஏன் எழுதவில்லை?

பழையஇரும்பு: மாதம் ஒரு தடவை சார்ஜர் போடத் தெரியாதவன் பேட்டரி வண்டியே வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வருஷமாக அதே ஆறு பேட்டரி. டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வாசலின் தடவி, தண்ணீர் மட்டம் பார்த்து ஊற்றுகிறேன். பராமரிப்பு என்றால் அது. கையில் அழுக்குப் படாதவர்களுக்கு எப்படிப் புரியும்?

வாட்கணக்கு: மறுபடியும் ஆறு! நாலைப் பற்றித்தான் கேட்டேன்.

பழையஇரும்பு: வருகிற சனிக்கிழமை நாலு மட்டும் மாட்டி வெட்டி வீடியோ போடுகிறேன்.

வாட்கணக்கு: 12 வோல்ட் 75 ஆம்பியர்-அவர் நாலு. உங்கள் 6 வோல்ட் நாலு இல்லை. மீட்டரும் தெரிய வேண்டும்.

பழையஇரும்பு: என் வண்டியில் எதை மாட்டுவது என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.