மறுமொழி: ‘இன்க்ளூட் பாத்’ – ‘உள்ளடக்கு பாதை’ சரிவருமா?

வணக்கம். வலைத்தளங்கள் எழுதப் பயன்படும் பி.எச்.பி. நிரல்மொழியில் ‘இன்க்ளூட் பாத்’ என்றோர் அமைப்பு உண்டு. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு என் மறுமொழி இது.

> ‘உள்ளடக்கு பாதை’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது, அதுதான் உறுத்துகிறது. ‘உள்ளடக்கம்’ என்றதும் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் படமும்தான் நினைவுக்கு வரும். ‘சேர்ப்புப் பாதை’ என்று மாற்றினாலும் அந்தப் ‘பாதை’ ஆளைக் கவிழ்த்துவிடும். அங்கே இருப்பது ஒரு பாதையே இல்லை. கேட்ட கோப்பை எந்தெந்த அடைவில் (கோப்புறையில்), எதற்குப்பின் எதில் தேடவேண்டும் என்று பி.எச்.பி.க்குச் சொல்லும் பட்டியல். யூனிக்சில் முக்காற்புள்ளியும் விண்டோசில் அரைப்புள்ளியும் இட்டுப் பிரிக்கிறோம்.

கவிழ்ந்தவன் சொல்கிறேன். பலர் பகிர்ந்துகொள்ளும் வழங்கி (சர்வர்) ஒன்றில் மின்னஞ்சல் நிரலகத்தின் (லைப்ரரி) புதுப் பதிப்பை என் கணக்கில் ஏற்றி, அந்த அடைவைப் பட்டியலின் வாலில் ஒட்டினேன். ‘கோப்பு இல்லை’ என்று வந்திருந்தாலாவது புரிந்திருக்கும். வந்ததோ ‘வரையறுக்கப்படாத செயற்கூறு (ஃபங்ஷன்)’. அரைநாள் என் நிரலையே நோண்டினேன். கடைசியில், சேர்க்கப்பட்ட கோப்புகளைப் பட்டியலிடும் ‘கெட் இன்க்ளூடட் ஃபைல்ஸ்’ போட்டு அச்சிட்டால், வழங்கியின் பொது அடைவில் என்றோ நிறுவிவைத்த பழைய பதிப்பு! முதலில் அகப்பட்டதோடு தேடல் நின்றுவிடும். என் அடைவுவரை வரவேயில்லை. வாலில் இருந்ததைத் தலைக்கு மாற்றியதும் ஓடியது.

தேடல், வரிசை இரண்டும் பெயரிலேயே தெரியட்டும்: ‘தேடுதட வரிசை’.

> முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

இல்லைதான். சாய்கோட்டில் தொடங்கினால் பி.எச்.பி. பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. நானும் இப்போது பி.எச்.பி. 5.3இல் வந்த, நிரல்கோப்பு இருக்கும் அடைவைத் தரும் ‘டிர்’ மாறிலியைத்தான் முன்னால் சேர்க்கிறேன். அதனால்தான் பட்டியலுக்கும் கோப்பின் பாதைக்கும் வேறுவேறு சொல் கேட்கிறேன். இல்லாவிட்டால் ‘பாதையில் இந்தப் பாதை இல்லை’ என்று பிழைச்செய்தி எழுதவேண்டிவரும்.

வரிசையில் சேர்த்தும் திறக்கவில்லையா? குறிப்பிட்ட அடைவுகளுக்கு வெளியே கோப்பைத் திறக்கவிடாத ‘ஓபன் பேஸ்டிர்’ அமைப்பு தடுக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ‘அடைவு வேலி’ போதும் என்பேன், தனி இழையில் பேசலாம்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது: ‘வரிசை’யைக் ‘கியூ’வுக்கு வைத்திருக்கிறோம். ‘அடுக்கு’ ‘ஸ்டாக்’குக்குப் போய்விட்டது. ‘நிரல்’ என்றாலே வரிசைதான், நிரல்நிறை என்று இலக்கணத்தில் படித்தோமே. அதையும் ‘புரோகிராம்’ கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அதுவரை மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘தேடுதட வரிசை’ என்றே இட்டுவைக்கிறேன்.