கடக லக்னமா, சிம்ம லக்னமா? வழி சொல்லுங்கள்

லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, உறுதியாகாததால், என் ஜாதகத்தில் தாயையும் வீட்டையும் குறிக்கும் நான்காம் வீடு (லக்னத்திலிருந்து நான்காவது ராசி) எது என்பதே தெரியவில்லை. பிறந்தது 1984 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை காலை, தஞ்சாவூர் அருகே ஒரு கிராமத்தில். வீட்டுப் பிரசவம். தாத்தா எழுதிய ஜாதக நோட்டில் "உதயாதி நாழிகை 1", அதாவது சூரிய உதயத்திலிருந்து 1 நாழிகை, என்று இருக்கிறது. அதை அடுத்திருந்த பின்னத்தைப் பூச்சி அரித்துவிட்டது. மூலையில் தடவிய மஞ்சள்கூட மங்காமல் இருக்க, அந்த ஓர் இடம் மட்டும் போய்விட்டது. 1 நாழிகை, அதாவது 24 நிமிடம் என்றால் கடகம். ஒன்றேகால் என்றால் சிம்மம் வந்துவிடுகிறது. கடகமானால் நான்காம் வீட்டில் உச்ச (மிகுந்த பலமுள்ள) சனி, சிம்மமானால் கேது.

பூர்வீக வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். அம்மா வாழ்ந்த வீடு. எனக்கு மனம் வரவில்லை.

பிறப்புச் சான்றிதழில் நேரம் இல்லை. பால்காரர் வந்துபோன பிறகு பிறந்தேன் என்பதுதான் அத்தைக்கு நினைவிருக்கிறது. பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்த ஜோதிடர் கடகம் என்றார், வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி கணித்தவர் சிம்மம் என்றார். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்திலும் லக்னம் மீனமா மேஷமா என்று அதே குழப்பம்.

நான் ஊரைவிட்டு வந்தது 2003 மே, அம்மா காலமானது 2011 ஜூன். இவற்றைக் கொண்டு லக்னத்தை உறுதிசெய்ய எந்த முறையைப் பின்பற்ற வேண்டும்?