ஆளில்லாப் படகு வயிற்றைக் கலக்கிய தருணம் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடல்காகம்:
இரண்டு வருடமாகியும் இது மனதை விட்டுப் போகவில்லை. ராத்திரி சோதனை ஓட்டம், நான் துணைப் படகில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ரேடாரில் இரண்டு புள்ளிகள். ஒரே திசை, ஒரே வேகம், நடுவில் முந்நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி. எங்கள் நிரல் அந்த இடைவெளி வழியாகப் பச்சைக் கோடு ஒன்று போட்டது. மோதல் அபாயம்: இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் போவதன் கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்குகள். இழுவைக் கப்பல்! பின்னால் வருவது பார்ஜ், அது இழுத்துக்கொண்டு போகும் தட்டையான சரக்குப் படகு. நடுவில் இருப்பது வழி இல்லை, இழுவைக் கம்பி. நிறுத்தும் பொத்தானை எப்போது அழுத்தினேன் என்றுகூட நினைவில்லை. அந்தப் பச்சைக் கோடு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

சுக்கான்151:
என் பெயரே அந்தக் கதைதான். ஏஐஎஸ்ஸில், அதாவது படகுகள் தங்கள் இடத்தையும் திசையையும் வானொலியில் அறிவிக்கும் கருவியில், முகப்புத் திசை 511 என்று வந்தால் 'தகவல் இல்லை' என்று அர்த்தம். எங்கள் நிரலிலோ 360-ஐத் தாண்டினால் கழித்துவிடும் ஒரு வரி இருந்தது. 511 போய் 151 ஆனது. நேர் எதிரே வந்த படகை, இடப்பக்கமிருந்து குறுக்கே வருவதாக நினைத்து, 'வழிவிட வேண்டியது அவர்தான்' என்று எங்கள் படகு அசையாமல் போனது. அவர் வலப்பக்கம் வெட்டித் திருப்பித் தப்பினார். கையை ஓங்கிக்கொண்டு திட்ட ஆள் தேடினார் பாருங்கள், படகில்தான் யாரும் இல்லையே!

பழைய மேட்:
கடல்காகம், விளக்கைப் படிக்கத் தெரியாத படகை ராத்திரியில் ஏன் இறக்கினீர்கள்? கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளில் 5-ஆம் விதி கண்ணாலும் காதாலும் கவனிக்கச் சொல்கிறது. ரேடார் மட்டும் போதும் என்று எங்கும் இல்லை.

என் அனுபவம்: ஆளில்லாப் படகு ஒன்று என் கப்பலுக்கு இரண்டு டிகிரி, மூன்று டிகிரியாக நெளிந்து நெளிந்து வழிவிட்டது. என்ன செய்யப்போகிறது என்று கடைசிவரை புரியவில்லை. அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. திசைமாற்றம் எதிராளிக்குச் சட்டென்று தெரியும் அளவு பெரிதாக இருக்கவேண்டும், சின்னச் சின்னதாகத் தொடரக்கூடாது. 8-ஆம் விதியே அதுதான். தடையைக் கண்டால் தள்ளும், இலக்கைக் கண்டால் இழுக்கும் விசை முறையில் ஒவ்வொரு நொடியும் புதிதாகக் கணக்குப் போட்டால் நெளியத்தான் செய்யும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கணக்கில் அபராதம் வையுங்கள். திருப்பினால் முப்பது டிகிரியாவது திருப்புங்கள். அவர் போக்கை மாற்றினால் ஒழிய, கடந்து போகும்வரை முடிவை மாற்றாதீர்கள். அப்புறம், வழிவிடும்போது அவருடைய முன்பக்கம் குறுக்கிடாமல் பின்பக்கமாகப் போகச் சொல்லுங்கள்.

கடல்காகம்:
மேட் சார், கேமராவும் இருந்தது. மூன்று விளக்கையும் பார்த்துவிட்டு, கரை விளக்குகள் என்று ஒதுக்கிவிட்டது.

சுக்கான்151:
சரி, கம்பியை அப்புறம் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

கடல்காகம்:
ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வேகத்தில் போகும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இப்போது சுவர் எழுப்பிவிடுகிறோம். சும்மா சேர்ந்து போன இரண்டு படகுகளைக்கூட ஒரு தடவை இழுவை என்று நினைத்து ஒரு பெரிய சுற்று சுற்றியது. சுற்றட்டும்.