விண்டோஸ் 11 டாஸ்க்பாரில் கோப்புறையைப் பட்டியாக வைக்க இயலுமா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
வணக்கம். எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணினியில் விண்டோஸ் 10 இருந்தவரை, டாஸ்க்பாரில் (திரையின் அடியிலுள்ள பட்டையில்) வலது சொடுக்கி, ‘டூல்பார்ஸ்’ வழியாக ஒரு கோப்புறையையே பட்டியாக வைத்திருந்தேன். டேலி, எக்செல், எடைக் கணக்கு எல்லாவற்றையும் அதிலிருந்தே திறப்பேன். விண்டோஸ் 11-இல் அந்த வசதியைக் காணவில்லை. மாற்று வழி உண்டா?

பதில் (ஏற்காடு):
ஐயா, 2021-இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோதே அதை நீக்கிவிட்டார்கள். செட்டிங்ஸில் தேடுவதால் பயனில்லை. நிரல்களை டாஸ்க்பாரில் ‘பின்’ (Pin) செய்து, அதாவது நிலையாகப் பொருத்தி, அதிகம் பயன்படுவதை முதலாவதாக இழுத்து வையுங்கள். விண்டோஸ் விசையுடன் 1 அழுத்தினால் முதல் நிரலும், 2 அழுத்தினால் இரண்டாவதும் திறக்கும். பில் போடும்போது கை மவுஸுக்குப் போகவே வேண்டியதில்லை. பத்தாவது நிரலுக்கு 0.

பதில் (அஸ்தம்பட்டி):
கோப்புகளுக்கும் வழி உண்டு. எக்செல் சின்னத்தின் மேல் வலது சொடுக்கினால் அண்மையில் திறந்த கோப்புகள் தெரியும். எடைக் கணக்கின் அருகிலுள்ள ஊசிக்குறியைச் சொடுக்கினால் அது மேலேயே நிலைத்துவிடும். பழைய பட்டியை மீட்டுத் தரும் வெளி நிரல்களும் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் அவை செயலிழக்கக்கூடும் என்பதால், கணக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றை நிறுவ நான் துணியமாட்டேன்.

கேட்டவர்:
எடைக் கணக்கு மேலே வந்துவிட்டது, நன்றி. எக்செல் ஏற்கெனவே திறந்திருக்கும்போது இன்னொரு சாளரம் வேண்டுமானால்?

பதில் (ஏற்காடு):
விண்டோஸ் விசை, எக்செலின் எண் ஆகியவற்றுடன் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.