டயல்-அப் இணைப்பு ஐந்து நிமிடத்தில் அறுந்துவிடுகிறது, அவசர உதவி தேவை

காவிரிக்கரையான் | 9-11-2002, இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். தீபாவளி கழிந்ததிலிருந்து எங்கள் வீட்டு இணைய இணைப்பு ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் மோடம் அழைக்கிறது, வழக்கமான கீச்சொலி எல்லாம் கேட்கிறது, இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, பிறகு தானாக அறுந்துவிடுகிறது. மறுபடி அழைத்தால் சில சமயம் பிழை என்று வருகிறது. தொலைபேசியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகப் பேச முடிகிறது. திங்கட்கிழமைக்குள் ஒரு விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன், கடையைச் சாத்தப் போகிறார்கள். என்ன செய்யலாம் என்று யாராவது உடனே சொல்லுங்கள்.

தேன்மொழி | 9-11-2002, இரவு 9.35

வணக்கம். நீங்கள் தந்திருக்கும் விவரத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. கணினியில் இருப்பது எந்த விண்டோஸ்? மோடம் கணினிக்கு உள்ளேயா, வெளியேயா? பிழை வரும்போது அதனுடன் ஒரு மூன்றிலக்க எண் வருமே, அது என்ன? இணைந்தவுடன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தோன்றும் இரட்டைக் கணினிப் படத்தின் மேல் சுட்டியை வைத்தால் எந்த வேகத்தைக் காட்டுகிறது? அதே கம்பியில் வீட்டில் வேறு தொலைபேசி ஏதும் உண்டா? எந்த நேரத்தில் அதிகமாக அறுகிறது?

இடிதாங்கி | 9-11-2002, இரவு 10.10

இத்தனை கேள்வி தேவையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வரும் மோடம்களில் பெரும்பாலானவை இடி வாங்கியவைதான். மின்னல் ஊருக்கு வெளியே விழுந்தாலும் தொலைபேசிக் கம்பி வழியாக ஓர் உதை வந்து மோடத்தின் வாசலில் இருக்கும் சிறு உறுப்புகளைப் பாதி எரித்துவிடும். முழுதாக எரிந்தால் மோடம் அழைக்கவே அழைக்காது. பாதி எரிந்தால் இப்படித்தான் இணைந்து இணைந்து அறும். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள். வெளியே வைக்கும் வகையாக இருந்தால் நல்லது.

பெங்குயின்தாசன் | 9-11-2002, இரவு 11.25

உள்ளே செருகும் மலிவான அட்டைகளில் பலவும் பாதி மோடம்தான். சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் வேலையைச் சிப்பு செய்யாமல் கணினியின் தலையில் கட்டிவிடும். வேறு ஏதேனும் நிரல் செயலியைப் பிடித்துக்கொண்டால் மோடம் மூச்சுத் திணறி இணைப்பை விட்டுவிடும். முதலில் மோடத்தை ஓட்டும் நிரலான இயக்கியை அகற்றிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள். லினக்ஸில் அந்த அட்டைகள் பெரும்பாலும் ஓடுவதே இல்லை என்பதிலிருந்தே அவற்றின் தரத்தை அறிந்துகொள்ளலாம்.

செப்புக்கம்பி | 10-11-2002, காலை 6.15

"பிழை என்று வருகிறது" என்று எழுதுகிறவர்களுக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது. அந்த எண் அழகுக்காகத் திரையில் வருவதில்லை. 680 என்றால் மோடத்துக்கு டயல் டோன் கேட்கவில்லை. 678 என்றால் அழைத்த இடத்தில் மறுமொழி இல்லை. 676 என்றால் மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது. 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எண்ணைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

காவிரிக்கரையான் | 10-11-2002, பிற்பகல் 12.40

மன்னிக்க வேண்டும். விண்டோஸ் 98. மோடம் உள்ளேதான் இருக்கிறது. பெயர் தெரியவில்லை, கணினியோடு வந்தது. பிழை எண் பெரும்பாலும் 680, ஒருமுறை மட்டும் 678. வேகம் நொடிக்கு 26400 பிட் என்று காட்டுகிறது, புரட்டாசியில் 44000 வரும். காலையில் ஓரளவு நிற்கிறது. மாலை விளக்கு வைத்த பிறகு மோசம், மழை பெய்துவிட்டால் படுமோசம். இடிதாங்கி ஐயா, புது மோடம் வாங்க இப்போது பணம் இல்லை.

செப்புக்கம்பி | 10-11-2002, பிற்பகல் 1.05

இதை நேற்றே எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். 26400 என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. இப்போதைய மோடம்கள் பேசும் வி.90 முறையில் இணையும் வேகங்கள் 1333⅓இன் மடங்குகளாக 42666, 44000, 45333 என்று ஏறும், பழைய வி.34 முறையில் 2400இன் மடங்குகளாக 24000, 26400, 28800 என்று ஏறும். ஆகவே உங்கள் மோடம் கம்பியின் நிலையைச் சோதித்துப் பார்த்து, வி.90 இங்கே எடுபடாது என்று முடிவு கட்டி, பழைய முறைக்கு இறங்கிவிட்டது. இடியும் காரணமில்லை, இயக்கியும் காரணமில்லை. கம்பியில்தான் கோளாறு.

மதுரைவீரன் | 10-11-2002, பிற்பகல் 2.30

44000 என்பதையே பெரிதாகச் சொல்கிறீர்கள். எனக்கு எப்போதும் 115200 வேகத்தில் இணைகிறது, இன்றுவரை ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. தரமான மோடத்தை வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பெங்குயின்தாசன் | 10-11-2002, பிற்பகல் 2.50

மதுரைவீரன் அவர்களே, அது உங்கள் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள ஒரு சாண் கம்பியின் வேகம். மோடத்துக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையே என்ன வேகத்தில் போகிறது என்பதை உங்கள் மோடம் விண்டோஸிடம் சொல்லவே இல்லை.

மதுரைவீரன் | 10-11-2002, பிற்பகல் 3.15

திரையில் தெளிவாகத் தெரிகிற எண்ணைப் பொய் என்கிறீர்களா?

செப்புக்கம்பி | 10-11-2002, பிற்பகல் 3.40

பொய் என்று யாரும் சொல்லவில்லை, வேறொன்றின் அளவு என்கிறோம். நிலையத்தில் உங்கள் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக எழுதுகிறார்கள்; மொத்தம் 64000. அந்த எட்டில் ஏழைத்தான் நம்பிப் பயன்படுத்த முடியும் என்பதால் 56000. செப்புக் கம்பி வழியாக ஒரு சாதாரண மோடத்துக்கு அதற்கு மேல் வர வழியே இல்லை. அமெரிக்காவில் கம்பியில் செலுத்தும் சக்திக்கு அரசு வரம்பு வைத்ததால் அங்கே 53.3 கிலோபிட்டோடு நின்றுவிடும். அதுவும் இறங்குதிசையில் மட்டும். நீங்கள் அனுப்புவது வி.90 மோடத்தில் 33600ஐத் தாண்டாது. 1998இல் வி.90 வருவதற்கு முன் எக்ஸ்2 என்றும் கே56ஃபிளெக்ஸ் என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்களே, அவர்களில் ஒருவர்கூட 115200 என்று சொல்லத் துணிந்ததில்லை.

தேன்மொழி | 10-11-2002, மாலை 4.20

மதுரைவீரன், உங்கள் மோடத்தில் ராக்வெல் சிப்பு இருந்தால், மோடம் பண்புகளில் 'கூடுதல் அமைப்புகள்' என்ற கட்டத்தில் டபிள்யூ2 என்ற கட்டளையை இட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள், உண்மையான வேகத்தைக் காட்டும். இனிக் காவிரிக்கரையானைக் கவனிப்போம், அவருக்கு நாளை வரைதான் நேரம் இருக்கிறது. வேறு தொலைபேசி உண்டா என்று கேட்டிருந்தேன், அதற்கு மட்டும் விடை வரவில்லை. இன்னொன்றும் செய்யுங்கள். விளக்கு வைத்த பிறகு ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் சில நொடிகள் காது கொடுத்துக் கேளுங்கள். பேசும்போது நம் குரலே மூடிவிடுவதால் 'தொலைபேசியில் குறையில்லை' என்று தோன்றும். இரைச்சல் இருந்தால் அப்போதுதான் தெரியும்.

பெங்குயின்தாசன் | 10-11-2002, மாலை 4.45

680க்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதே கட்டத்தில் எக்ஸ்3 என்று எழுதினால் மோடம் டயல் டோனுக்குக் காத்திராமல் அழைத்துவிடும். எஸ்10=50 என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்முனை ஒலி சற்று மறைந்தாலும் ஐந்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டே மோடம் இணைப்பைத் துண்டிக்கும்.

செப்புக்கம்பி | 10-11-2002, மாலை 5.00

காய்ச்சல்காரனின் கையிலிருந்து வெப்பமானியைப் பிடுங்கிக்கொள்வதுதான் இந்த வைத்தியம்.

காவிரிக்கரையான் | 10-11-2002, இரவு 7.10

சோதித்தேன். 'உம்ம்' என்று ஓர் ஓசை தொடர்ந்து கேட்கிறது, நடுநடுவே எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் பொரிகிறது. பின்கட்டில் தாத்தா அறையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. பேரலல்தான், இதே கம்பியிலிருந்து பிரிந்து போகிறது. மோடம் இருப்பது முன்னறையில் என்பதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

செப்புக்கம்பி | 10-11-2002, இரவு 7.25

அதுதானே பார்த்தேன். கிளைக் கம்பியில் ஓடும் அலை முனையில் மோதித் திரும்பி வந்து மூல அலையைக் குலைக்கிறது. நூல்களில் உள்ள செய்திதான், படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பழைய லைன்மேன் | 10-11-2002, இரவு 8.30

செப்புக்கம்பி ஐயா கிளைக் கம்பியைச் சந்தேகித்தது சரி, அவர் சொன்ன காரணம் சரியில்லை. நாலாயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கம்பியில் அலைநீளம் பல கிலோமீட்டர். பின்கட்டு வரை போகும் இருபது மீட்டர் கம்பி அதற்கு எதிரொலி காட்டாது. தொலைபேசிக் கம்பியிலேயே அதிவேக இணையம் தரும் டி.எஸ்.எல். போன்றவற்றின் உயர் அதிர்வெண்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

தம்பி, தொலைபேசிக்கு வருவது இரண்டு கம்பிகள். இரண்டும் தரையைப் பொறுத்து ஒரே நிலையில் இருக்கும் வரை பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு கம்பியின் இணைப்பில் மட்டும் ஈரம் பட்டு மின்சாரம் சுவருக்குக் கசிந்தால் அந்தச் சமநிலை போய்விடும். அப்போது டியூப் லைட் சோக்கின் உறுமல் கழியாமல் உங்கள் காதுக்கும் மோடத்துக்கும் வந்து சேரும். மழைக்கும் விளக்குக்கும் நீங்கள் சொன்ன தொடர்பு அதனால்தான். மோடம் டயல் டோனை அடையாளம் காண முடியாமல் 680 சொல்வதும் அதே இரைச்சலால்தான்.

பின்கட்டுக்குப் போகும் கம்பியை ஒட்டு ஒட்டாகத் தடவிப் பாருங்கள். சன்ஷேடின் அடியிலோ சன்னல் சட்டத்திலோ யாராவது வெறுங்கையால் முறுக்கி, மேலே துணிப்பட்டை சுற்றியிருப்பார்கள். சுவரில் தொலைபேசிக் கம்பியை இணைக்கும் ரோசெட் பெட்டியையும் திறந்து பாருங்கள், எறும்பு புற்று வைத்திருக்கும். மழையும் இடியும் உள்ள நேரத்தில் திறக்காதீர்கள். யாராவது அழைத்தால் மணி அடிக்கும் மின்னழுத்தம் கையை உதறவைக்கும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக, வீட்டுக்குள் கம்பி நுழையும் பெட்டியிலேயே பின்கட்டுக் கிளையைக் கழற்றிவிட்டு மோடத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு வீட்டுக்கு வெளியே, கம்பத்துப் பெட்டியின் பக்கம். புகார் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இடிதாங்கி | 10-11-2002, இரவு 9.05

மோடத்தையும் ஒருமுறை வேறு வீட்டில் மாட்டிப் பார்ப்பது நல்லது என்பதே இன்னும் என் கருத்து.

காவிரிக்கரையான் | 11-11-2002, இரவு 10.20

விண்ணப்பம் போய்விட்டது. பழைய லைன்மேன் ஐயா சொன்னபடியே சன்ஷேடின் கீழே ஓர் ஒட்டு இருந்தது. பட்டையைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது, ஒரு கம்பி பச்சை பூத்து நூலிழையாக இருந்தது. கிளையைக் கழற்றிவிட்டேன். 44000. ஏழு மணியிலிருந்து ஒன்பதேகால் வரை ஒருமுறைகூட அறவில்லை, எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தாத்தா தம் தொலைபேசியை நாளைக்கே மாட்டிக் கொடுக்கச் சொல்கிறார்.

பழைய லைன்மேன் | 12-11-2002, காலை 5.50

மகிழ்ச்சி தம்பி. தாத்தாவுக்கு ஒட்டே இல்லாத புதுக் கம்பியை மின்கம்பியிலிருந்து ஓரடியாவது தள்ளி இழுங்கள். முன்னறையில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கிற ஒரு சுவிட்சை வைத்துவிட்டால், இணையத்தில் இருக்கும்போது அவர் ரிசீவரை எடுத்தாலும் உங்களுக்குப் பாதிப்பு வராது. ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சாதாரண சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள், மற்றொரு கம்பி வழியாகப் பழைய உறுமல் திரும்பி வரும். வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட மறந்துவிட்டால் தாத்தாவுக்கு அழைப்பு வராது. அந்தப் பொறுப்பு உங்களுடையது.

செப்புக்கம்பி | 12-11-2002, காலை 6.30

எதிரொலி இருபது மீட்டரில் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோளாறு கம்பியில்தான் என்று நான் முதலிலேயே எழுதியதையும் அன்பர்கள் ஒருமுறை மேலே போய்ப் பார்க்கலாம்.

மதுரைவீரன் | 14-11-2002, இரவு 9.40

தேன்மொழி அவர்கள் சொன்ன டபிள்யூ2 என்பதை இட்டுப் பார்த்தேன். இப்போது 46666 என்று காட்டுகிறது. பக்கங்கள் என்னவோ முன்பு திறந்த அதே நேரத்தில்தான் திறக்கின்றன. இருந்தாலும் மனம் ஒப்பாமல் அந்த டபிள்யூ2ஐ எடுத்துவிட்டேன்.