அக்கா மகன் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான், திருந்துவானா?

கேள்வி (சித்தி):
அக்கா மகனுக்கு 15 வயது. பக்கத்து வீட்டு ஆறு வயதுக் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டான். போக்சோ வழக்கு. விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். அடுத்த வாரம் ஜாமீன் கிடைக்கலாம் என்கிறார் வக்கீல். அக்கா "தெரியாமல் செய்துவிட்டான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமா அவன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்கிறார். எனக்கும் ஏழு வயதில் மகள் இருக்கிறாள். இவன் திருந்துவானா?

பதில் (முன்னாள் ஆற்றுப்படுத்துநர், அதாவது மனநல ஆலோசகர்):
பதினோரு வருடம் இந்தப் பையன்களோடு இருந்தவன் நான். பெரும்பாலும் திருந்துவார்கள். 2016-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று 33,000-க்கும் மேற்பட்ட சிறார்களைக் கணக்கில் எடுத்தது. மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

ஆனால் அக்காவின் அந்தத் "தெரியாமல்" முதலில் போக வேண்டும். அம்மா சொல்லிக்கொடுத்த கதையையே ஒப்பித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். "பாப்பா பயந்தது எனக்குத் தெரிந்தது" என்று அவன் வாயால் சொல்ல எட்டு வாரம் ஆனது. அதற்கப்புறம்தான் எங்கள் வேலையே தொடங்கியது. எதைப் பார்த்தான், எந்த நேரத்தில் அந்த எண்ணம் வந்தது, இனி வந்தால் யாரிடம் ஓடுவான் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். உங்கள் அக்கா மகனுக்கே யாராவது இப்படிச் செய்தார்களா என்பதையும் மெதுவாகக் கேட்க வேண்டும். அடித்தால் பொய்தான் வரும்.

சம்பவத்தின்போது 16 நிறையவில்லை என்பதால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அவனுக்கென்றே தயாரிக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் மனநல சிகிச்சையோடு பெற்றோருக்கான ஆலோசனையையும் சேர்க்கும்படி நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்கள். படிப்பு நிற்கக் கூடாது. உங்கள் மகளோடு அவனை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

பதில் (ஒரு அம்மா):
பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய் நான். ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பையனை எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். என் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீடு மாற வேண்டியதும் நாங்கள் அல்ல.

சித்தி:
மன்னித்துவிடுங்கள் அக்கா. தாத்தா வீட்டில் அவனைத் தங்கவைக்கப் போகிறோம். அங்கே சின்னக் குழந்தைகள் இல்லை. நாளை மாமா முதல் தடவையாக அவனைப் பார்க்கப் போகிறார். என்ன பேசுவது என்று கேட்கிறார்.

முன்னாள் ஆற்றுப்படுத்துநர்:
சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு அது போதும்.